தெருவிளக்குக்கும் ஒரு தீர்மானம்!



இன்று காலை எழுந்தீர்கள். குழாயைத் திறந்தீர்கள், தண்ணீர் வந்தது. வாசலில் விசில் சத்தம் கேட்டது. அம்மா குப்பைக் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பள்ளிக்கு நடந்தீர்கள். வழியில் வாறுகால் மேல் போட்டிருந்த சிமென்ட் பலகையைத் தாண்டினீர்கள். நேற்று இரவு டியூஷன் முடிந்து வரும்போது தெருவிளக்கு எரிந்தது.

இவை எல்லாம் தானாக நடக்கின்றனவா? இல்லவே இல்லை! ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது; ஒரு தீர்மானம் இருக்கிறது; ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

'ஐயோ... குடிமையியல் பாடமா?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஆசிரியராக இருந்த காலத்தில், இந்தப் பாடத்தை எடுத்தாலே பின் பெஞ்சில் கொட்டாவி சத்தம் கேட்கும். ஆனால், 'உன் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் கேட்பாய்?' என்று கேட்டால் போதும், வகுப்பே நிமிர்ந்து உட்காரும்!

நாலு படிகள்

தென்காசி மாவட்டத்தில், மதுரை - தென்காசி சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவே இருக்கிறது வாசுதேவநல்லூர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. சிவனும் சக்தியும் ஓருருவான அர்த்தநாரீஸ்வரர் கோவில் உள்ள ஊர். வெள்ளையரை எதிர்த்த பூலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று இருந்ததும் இங்கேதான். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது, அதோடு சேர்ந்துகொண்டது.

திருநெல்வேலியில் பஸ் ஏறி இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புறப்படும் ஊரான திருநெல்வேலி, மாநகராட்சி. வழியில் வரும் சங்கரன்கோவில், நகராட்சி. வந்து இறங்கும் வாசுதேவநல்லூர், பேரூராட்சி. பக்கத்தில் இருக்கும் பூலித்தேவரின் ஊரான நெற்கட்டும்செவல், ஊராட்சி.

நாலு ஊர், நாலு படி! எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர், 'உள்ளாட்சி'. கிராமத்தைவிடப் பெரியது, நகரத்தைவிடச் சிறியது எதுவோ, அதுதான் பேரூராட்சி. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தேர்தல் நடந்தபோது 490 பேரூராட்சிகள் இருந்தன.

உள்ளே யார் யார்?

ஊரைப் பல வார்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வார்டிலும் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவரைத்தான் 'கவுன்சிலர்' என்கிறோம். 2022 தேர்தலில் 490 பேரூராட்சிகளுக்கும் சேர்த்து 7,621 உறுப்பினர் பதவிகள். வகுத்துப் பாருங்கள்... ஒரு பேரூராட்சிக்குச் சராசரியாக 15 அல்லது 16 பேர் வரும்.

இவர்கள் ஒன்றாகக் கூடும் சபைக்கு 'மன்றம்' என்று பெயர். அதற்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர். 2022ஆம் ஆண்டில் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. உறுப்பினர்களே கூடி, தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவர்கள் முடிவு செய்பவர்கள். முடிவைச் செயலாக்க அரசு நியமிக்கும் அதிகாரி ஒருவர் வேண்டுமே? அவர்தான் 'செயல் அலுவலர்'. பெயரிலேயே வேலை இருக்கிறது, பார்த்தீர்களா? அவருக்குக் கீழே எழுத்தர்கள், வரி வசூலிப்பவர்கள், மின் பணியாளர், தூய்மைப் பணியாளர்கள், நேரம் பார்த்துத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணாச்சி என்று பலர்.

கவுன்சிலர் ஆக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஓட்டுப் போட 18 வயது போதும். கேள்வி கேட்க? அதற்கு வயதே கிடையாது!

கூட்டத்தில் என்ன பேசுவார்கள்?

கூட்டத்துக்கு முன்பாகவே உறுப்பினர்களுக்கு ஒரு தாள் கட்டு வந்துவிடும். அதில் அன்று பேசவேண்டிய விஷயங்கள் 1, 2, 3 என்று வரிசையாக இருக்கும். இதை 'அஜெண்டா' என்பார்கள். நல்ல தமிழில், 'பொருள் நிரல்'. பேரூராட்சிகளில் வழக்கமாக வரும் சில பொருள்களைப் பாருங்கள்...

* சென்ற மாத வரவு - செலவு கணக்கு
* குடிநீர்த் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் வாங்குதல்
* ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் பழுது பார்த்தல்
* எரியாத தெருவிளக்குகளுக்குப் புது எல்.இ.டி. பல்பு
* வாறுகால் தூர் வாருதல்
* பேரூராட்சிக் கடைகளை ஏலம் விடுதல்

படிக்கவே தூக்கம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். இரண்டாவது வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கலாம். பிளீச்சிங் பவுடரில் இருந்து வரும் குளோரின் அவற்றைக் கொல்லும். கடைசி வீட்டுக் குழாயிலும் ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டுத் தரக் குறியீடு. ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, அதற்கென்று உள்ள திரவத்தைச் சில சொட்டு விட்டால், தண்ணீர் மஞ்சளாக மாறும். மஞ்சளின் அளவைப் பார்த்து, குளோரின் போதுமா என்று கண்டுபிடித்துவிடலாம்.

அந்தத் தூள் வாங்க மறந்துவிட்டால்? வயிற்றுப்போக்கு வரும், மஞ்சள் காமாலை வரும். வகுப்பில் பாதி இடம் காலியாகும்! தூக்கம் வரவழைத்த அந்த ஒரு வரியில் உங்கள் உயிரே இருக்கிறது.

பம்பின் கைப்பிடி

இதை நம்ப முடியவில்லையா? லண்டன் வரை ஒரு நடை போய் வருவோம்.

1854ஆம் ஆண்டு. லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று அப்போது பலரும் நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் மட்டும் வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் 'பிராட் தெரு' அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று கண்டுபிடித்தார்.

அவர் ராணியிடம் போகவில்லை. பிரதமரிடம் போகவில்லை. எங்கே போனார் தெரியுமா? அந்தப் பகுதியின் உள்ளூர் நிர்வாகக் குழுவிடம்! செப்டம்பர் 7ஆம் தேதி மாலை கூடியிருந்த அந்தக் குழுவின் முன் நின்று, தன் கணக்கைச் சொன்னார். அவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும், 'பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடலாம்' என்று ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் கைப்பிடி கழற்றப்பட்டது. நோயின் வேகம் அதற்குள்ளாகவே குறையத் தொடங்கியிருந்தது.

மருத்துவ வரலாற்றில் இன்றும் பேசப்படும் அந்த முடிவு, ஓர் உள்ளூர்க் கூட்டத்தில் வந்த சாதாரணப் பொருள்தான்!

பெரிய தலைவர்களும் இங்கிருந்துதான்!

நம் நாட்டின் பெரிய தலைவர்கள் பலரும் குழாயையும் குப்பையையும் பார்த்தவர்கள்தான். 1917ஆம் ஆண்டு ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரானார். அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர், பெரியார். ஈரோட்டுக்குக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சர்தார் வல்லபாய் படேல் 1924ஆம் ஆண்டு ஆமதாபாத் நகராட்சியின் தலைவரானார். நேரு, அலகாபாத் நகராட்சித் தலைவராக இருந்தார். சுபாஷ் சந்திர போஸ் 1924ஆம் ஆண்டு கல்கத்தா மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்தார்.

நாட்டை நடத்தக் கற்றுக்கொள்ள, ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் உண்டா?

ஒரு விளக்கு எரியும் கதை

சரி, நம்ம ஊருக்குத் திரும்புவோம். உங்கள் தெருவில் நாலு கம்பங்களுக்குப் புதிதாக விளக்கு வேண்டும். என்னென்ன நடக்கும்?

முதலில், தெருமக்கள் மனு கொடுப்பார்கள். இல்லையென்றால் கவுன்சிலரே எழுதிக் கொடுப்பார். அடுத்து, பொறியாளர் வந்து பார்ப்பார். எத்தனை விளக்கு, எவ்வளவு வயர், எவ்வளவு செலவு என்று கணக்கிடுவார். அதற்கு 'மதிப்பீடு' என்று பெயர்.

பிறகு அது மன்றத்தில் பொருளாக வைக்கப்படும். உறுப்பினர்கள் பேசுவார்கள். 'எங்கள் வார்டிலும் இருட்டுதானே?' என்று ஒருவர் கேட்பார். 'மதிப்பீடு கூடுதலாகத் தெரிகிறதே?' என்று இன்னொருவர் கேட்பார். கேட்கட்டும்! அதற்காகத்தானே அனுப்பியிருக்கிறோம்? எல்லோரும் ஒப்புக்கொண்டால், 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவார்கள். அன்று முடிவாகாவிட்டால், 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதுவார்கள்.

வேலை பெரியதாக இருந்தால், 'ஒப்பந்தப்புள்ளி' கோருவார்கள். அதாவது டெண்டர். இது ஒளிவுமறைவு இல்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு ஒரு தனிச் சட்டமே வந்தது. வேலை முடிந்ததும் அளந்து, சரிபார்த்து, அளவுப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் பணம்.

'ஒரு விளக்குக்கு இவ்வளவு சுற்றா?' என்று கேட்கிறீர்களா? அந்தப் பணம் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் வீட்டு வரி, மாதந்தோறும் கட்டும் குடிநீர்க் கட்டணம், கடைக்காரர்கள் கட்டும் தொழில் வரி, பேரூராட்சிக் கடைகளின் வாடகை, மாநில அரசும் மத்திய அரசும் தரும் மானியம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஊர்ப் பணம்! ஒவ்வொரு ரூபாய்க்கும் தாளில் கணக்கு இருக்க வேண்டாமா?

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை!

ஊர்க்கணக்கு விஷயத்தில் நம் முன்னோர் மிகவும் கறாராக இருந்தார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு போல. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். ஒரு சிறுவனை அழைத்து ஓலையை எடுக்கச் சொல்வார்கள். இதுதான் 'குடவோலை' முறை. ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்', தோட்டத்துக்குத் 'தோட்ட வாரியம்' என்று குழுக்களும் இருந்தன.

ஆனால் ஒரு நிபந்தனை! முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை!

அந்தச் சபையில் நிலம் உள்ள, படித்த ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. இன்று அப்படி இல்லை. 18 வயதான யாரும் ஓட்டுப் போடலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு உண்டு. பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் வந்தது. உங்கள் அம்மாவோ, அத்தையோ, தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவோ நாளை கவுன்சிலர் ஆகலாம்.

காலி நாற்காலிகள்

இப்போது ஒரு கேள்வி. கவுன்சிலர்களே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

கற்பனை இல்லை, உண்மையிலேயே நடந்தது! தமிழ்நாட்டு உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. வழக்குகளால் தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. நகரங்களிலும் பேரூர்களிலும் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் மன்றத்தில் நாற்காலிகள் காலி! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கே வந்துவிட்டது!

அந்த நாட்களில் 'தனி அலுவலர்' என்ற பெயரில் அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தினார்கள். தண்ணீர் வந்தது, குப்பை எடுத்தார்கள். ஆனால் முடிவு செய்பவரும் அதிகாரி, செயல்படுத்துபவரும் அதிகாரி. 'எங்கள் தெருவில் ஏன் இருட்டு?' என்று எழுந்து நின்று கேட்க, அந்தத் தெருவில் இருந்து போன ஒருவர் அங்கே இல்லை. கணக்கைப் பார்த்துச் சந்தேகம் கேட்கும் 15 குரல்களும் இல்லை.

ஐந்து ஆண்டு முடிவதற்குள் புதுத் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று நம் அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. 1993ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் அது. உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 வேலைகளின் பட்டியலும் அதில் இருக்கிறது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, பூங்கா, பிறப்பு - இறப்புப் பதிவு, சுடுகாடு... பிறந்த நாளில் இருந்து கடைசி நாள் வரை எதுவும் பாக்கி இல்லை!

சட்டத்தில் எழுதியிருந்தும் நாற்காலி காலியாக இருந்தது. ஏன் சொல்கிறேன் என்றால், சட்டம் மட்டும் போதாது. 'எங்கள் தெருவுக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்?' என்று ஊர் மக்கள் விடாமல் கேட்க வேண்டும். நாளைய ஊர் மக்கள் நீங்கள்தானே?

நீங்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை: உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார் என்று வீட்டில் கேளுங்கள். அப்பாவுக்கே தெரியவில்லை என்றால் சிரிக்காதீர்கள். இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது: மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகக் கொடுங்கள். பிரிக்காமல் கொடுத்தால், தூய்மைப் பணியாளர்கள் கையால் பிரிக்க வேண்டியிருக்கும். கண்ணாடித் துண்டு குத்துவது அவர்கள் கையில்தான்!

மூன்றாவது: தெருவில் ஏதாவது குறை இருந்தால் மனு எழுதுங்கள். பள்ளியில் அலுவலகக் கடிதம் படிக்கிறீர்களே, அது இதற்குத்தான்! மாதிரிக்கு ஒன்று:

பெறுநர்: உயர்திரு செயல் அலுவலர் அவர்கள், பேரூராட்சி அலுவலகம், வாசுதேவநல்லூர்.

பொருள்: தெருவிளக்கு எரியாதது குறித்து.

ஐயா / அம்மா, எங்கள் தெருவில் பள்ளிக்கு எதிரே உள்ள மின்கம்பத்தில் பத்து நாட்களாக விளக்கு எரியவில்லை. கம்பத்தின் எண்ணைக் கீழே எழுதியுள்ளேன். மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவர்கள் இருட்டில் நடக்கிறோம். விளக்கைச் சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவுதான்! 'எங்கே, எது, எத்தனை நாளாக, யாருக்குக் கஷ்டம்' என்ற நாலும் இருந்தால் நல்ல மனு. பெற்றோரிடம் காட்டி, அவர்களோடு போய்க் கொடுங்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனு பெற்றதற்கு ஒப்புகை கேட்டு வாங்குங்கள். கவுன்சிலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். பதில் வராவிட்டால், பெரியவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விவரம் கேட்கலாம். 2005ஆம் ஆண்டில் வந்த சட்டம் இது. கட்டணம் பத்து ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கம்பத்தையோ, அறுந்த வயரையோ, வாறுகால் மூடியையோ நீங்களாகத் தொடவே கூடாது. எண்ணைத் தூரத்தில் நின்று குறித்துக்கொண்டால் போதும்.

அப்புறம், உங்கள் ஆசிரியரிடம் கேட்டு, ஒருநாள் வகுப்போடு பேரூராட்சி அலுவலகத்தைப் பார்த்து வரலாம். தண்ணீர் திறந்துவிடும் அண்ணாச்சியிடம் கேளுங்கள், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறப்பார் என்று மனப்பாடமாகச் சொல்வார்!

இன்று இரவு தெருவிளக்கு எரிந்தால், அதன் கம்பத்தில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எரியாவிட்டாலும் பாருங்கள். மனுவில் எழுத அந்த எண் வேண்டுமே!